ஊன்றி நிற்றல்: தாய்ச்சியும் பெங்களூரின் முதியோரும்

அல்சூர் ஏரிக்கரைக்கோ கப்பன் பூங்காவுக்கோ லால்பாக்கிற்கோ காலை ஆறு மணிக்குச் சென்று பார்க்கும் எவருக்கும் ஒன்று விளங்கும்: பெங்களூரின் முதியோர் உடற்பயிற்சியைப் புறக்கணிப்பவர்கள் அல்லர். சுற்றுப்பாதையில் கைவீசி நடப்போர், கல்லிருக்கையில் அமர்ந்து மூச்சுப் பயிற்சி செய்வோர், வட்டமாக நின்று உரக்கச் சிரிப்போர், பாய் விரித்து ஆசனம் செய்வோர் எனப் பலரும் அங்கு உள்ளனர். இவற்றுள் எதுவும் வீண் அன்று. ஆனால், அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒருவரின் வாழ்வை ஒரே நாளில் புரட்டிப்போடக்கூடிய நிகழ்வு எது என்று கேட்டு, அதைத் தடுப்பதற்கு இப்பயிற்சிகளுள் எது உதவுகிறது என்று தொடர்ந்து கேட்டால், கிடைக்கும் விடை நிறைவு தருவதாக இல்லை. அந்நிகழ்வு கீழே விழுதல்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, விழுவதனால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் உயிரிழக்கின்றனர். தற்செயல் காயங்களால் நேரும் இறப்புகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. இந்த இறப்புகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நிகழ்கின்றன. மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்குக் கடுமையாக விழுவோரின் நிகழ்வுகள் ஆண்டுக்கு 3.73 கோடி. எண்கள் பெரியவை, ஆனால் எண்களுக்குள் வராத இழப்பு வேறொன்று. இடுப்பெலும்பு முறியாமல் தப்பியவரும்கூட விழுந்த பின் பழைய மனிதராக இருப்பதில்லை. மாடிப்படியைத் தவிர்க்கிறார், பிறகு கடைத்தெருவைத் தவிர்க்கிறார், பிறகு வாசற்படியே எல்லையாகிவிடுகிறது. நடமாட்டம் குறையக் குறையக் கால்தசை நலிகிறது. தசை நலிய நலிய மீண்டும் விழும் வாய்ப்பு கூடுகிறது. அச்சமே அச்சத்தின் காரணத்தை வளர்க்கும் இந்தச் சுழலுக்குள் பெரும்பாலும் பெண்களே அகப்படுகின்றனர்.

தமிழ் இதற்கு ஓர் ஆயத்த விளக்கத்தை வைத்திருக்கிறது: ‘தள்ளாத வயது’. தள்ளாமை என்ற ஒரே சொல் முதுமையின் வலுவின்மையையும் இயலாமையையும் சேர்த்தே குறிக்கிறது. முதியவர் தடுமாறுவது மழை பெய்வதைப் போல இயல்பானது என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் படிந்து கிடக்கிறது. மொழியே சிந்தனையைத் தீர்மானித்துவிடும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வாதம் மொழியியலில் பலமுறை அடிவாங்கிய ஒன்று. ஆயினும், ‘வயதாகிவிட்டது, விழுந்துவிட்டார்’ என்று வீட்டார் கூற, மருத்துவரும் தலையசைத்து எலும்பை மட்டும் சேர்த்து அனுப்பும் இடத்தில், ‘ஏன் விழுந்தார், இனி விழாமலிருக்க என்ன செய்யலாம்’ என்ற கேள்வி எழாமலே போகிறது என்பது கண்கூடு.

அக்கேள்விக்குக் கடந்த முப்பது ஆண்டுகளாக ஆய்வுலகம் அளித்துவரும் விடைகளுள் ஒன்று தாய்ச்சி. மெதுவாக, நின்ற நிலையில், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடலின் பாரத்தைக் கொண்டுசென்றவாறே கைகளையும் உடலையும் திருப்பும் சீனப் பயிற்சி அது. 1996இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகர ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 200 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், 15 வாரம் தாய்ச்சி பயின்றவர்களிடம் மீண்டும் மீண்டும் விழும் இடர் 47.5 விழுக்காடு குறைந்திருந்தது. 2018இல் ஃபூசோங் லீயும் அவருடைய குழுவினரும் ஆரிகன் மாநிலத்தில் நடத்திய ஆய்வு இன்னும் கூர்மையானது. முந்தைய ஆண்டில் விழுந்தவர்களோ நடமாட்டத்தில் குறை உள்ளவர்களோ ஆன 670 முதியோர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, வாரம் இருமுறை ஒரு மணி நேரம் வீதம் 24 வாரங்கள் பயிற்சி பெற்றனர். தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்த குழுவைக் காட்டிலும் தாய்ச்சிக் குழுவில் விழும் நிகழ்வுகள் 58 விழுக்காடு குறைவு. நடை, தசைவலு, சமநிலை எல்லாம் கலந்த பயிற்சி செய்த குழுவைக் காட்டிலும் 31 விழுக்காடு குறைவு.

ஓர் ஆய்வை வைத்துக் கொடிபிடிப்பது ஆய்வாளருக்கு அழகன்று. 25 நாடுகளில் 23,407 பேரிடம் நடந்த 108 சோதனைகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு தாய்ச்சிக்கு அளிக்கும் மதிப்பெண் அடக்கமானது: விழும் வீதத்தில் 19 விழுக்காடு குறைவு, அதுவும் சான்றின் உறுதி குறைவு என்ற குறிப்போடு. பொதுவான சமநிலைப் பயிற்சிகளுக்கோ 24 விழுக்காடு. சான்றின் உறுதியும் உயர்வு. ஆகவே தாய்ச்சியை மாயமருந்தாக்குவோர் அந்த அட்டவணையை ஒருமுறை பார்ப்பது நல்லது. அதில் மறைந்துள்ள செய்தி வேறு: முதியவரைக் காப்பது சீனப் பெயர் அன்று; நின்றுகொண்டு, பாரத்தை இடம்மாற்றி, சற்றே தடுமாற்றத்தின் எல்லைக்குச் சென்று மீளும் செயலே காக்கிறது. தாய்ச்சி அச்செயலை ஏற்றிச்செல்லும் நல்ல வண்டிகளுள் ஒன்று. கேத்தரின் ஷெரிங்டன் குழுவினர் 2017இல் 88 சோதனைகளைத் தொகுத்தபோதும், சமநிலைக்குச் சவால் விடுவதாகவும் வாரத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்டதாகவும் அமைந்த பயிற்சிகளே அதிகப் பயன் தந்தன. அவற்றில் விழும் வீதம் 39 விழுக்காடு குறைந்தது.

நடைக்கு இந்தப் பட்டியலில் உறுதியான இடமில்லை என்பது பூங்கா நடையர்களுக்குக் கசப்பான செய்தியாக இருக்கலாம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனத்துக்கும் நடை நல்லது, அதில் ஐயமில்லை. ஆனால் விழாமைக்கு நடை மட்டும் போதும் என்பதற்குச் சான்று இல்லை. முன்பே கையெலும்பு முறிந்திருந்த பெண்களிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஓர் ஆய்வில், விரைநடை மேற்கொண்ட குழுவினர் மற்றக் குழுவினரைவிட அதிகமாகவே விழுந்தனர். நேராக, சமதளத்தில், ஒரே வேகத்தில் நடப்பது உடல் ஏற்கெனவே அறிந்த வேலை. குளியலறையின் ஈரத்தில் திரும்புவதும், வாசல்மணி கேட்டுச் சட்டென எழுவதும், மழைநீர் வடிகாலின் மேல் போடப்பட்ட கற்பலகைகளுள் ஒன்று ஆடும்போது மறுகாலை ஊன்றுவதும் வேறு வேலைகள். கற்பலகை ஆடுவதற்கு முதியவர் பொறுப்பல்லர் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கால்களைப் பழக்குவது நகர நிருவாகத்துக்கு வழங்கப்படும் மன்னிப்புச் சீட்டு அன்று.

தாய்ச்சி என்றதும் இரண்டு மறுப்புகள் எழும். ஒன்று, நம்மிடம் யோகம் இருக்கும்போது இது எதற்கு என்பது. 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று பாய் விரிக்கும் நாட்டில் இக்கேள்வி இயல்பானதே. யோகம் 2016இலும் தாய்ச்சி 2020இலும் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. பெருமையைப் பொறுத்தவரை இரண்டும் சமம். சான்று என்று வரும்போது நிலைமை வேறு. அறுபதைக் கடந்தோரிடம் யோகம் சமநிலையை மேம்படுத்துகிறதா என்று 2016இல் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வுக்குக் கிடைத்தவை ஆறு சோதனைகள், 307 பேர். சமநிலையில் சிறு முன்னேற்றம் காணப்பட்டது. ஆனால் விழுவது குறைந்ததா என்பதை அவற்றுள் எதுவும் ஆராயவில்லை. யோகத்தின் தாயகம் என்று உரிமை கொண்டாடும் நாட்டுக்கு இது சற்றுக் கூச்சம் தரவேண்டிய செய்தி. மேலும், பூங்காக்களில் முதியோர் செய்யும் யோகம் பெரும்பாலும் அமர்ந்தோ படுத்தோ செய்வது. மர ஆசனம் போன்ற நின்ற நிலைகள் உண்டு. அவை ஒரு நிலையில் உறைந்து நிற்பதைப் பழக்குகின்றன. மனிதர்கள் பெரும்பாலும் நிலையிலிருந்து நிலைக்கு மாறும்போதே விழுகிறார்கள்.

மற்றொரு மறுப்பு தமிழருக்கே உரியது: ‘இதெல்லாம் காஞ்சிபுரத்துப் போதிதருமர் கொண்டுசென்றதுதானே?’ 2011இல் வெளிவந்த ‘7ஆம் அறிவு’ திரைப்படத்துக்குப் பின் இந்தப் பேச்சு மேலும் பரவியது. போதிதருமரைச் சீனத் தற்காப்புக் கலையோடு இணைக்கும் செய்தி பதினேழாம் நூற்றாண்டில் வெளிப்பட்ட ஒரு நூலைச் சார்ந்தது. அவ்விணைப்பை வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. தாய்ச்சியின் அறியப்பட்ட வரலாறு ஹெனான் மாநிலத்தில் சென் குலத்தார் வாழ்ந்த சிற்றூரிலிருந்து, அதே பதினேழாம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்குகிறது. இன்று உலகெங்கும் பயிலப்படும் 24 அசைவுகள் கொண்ட எளிய வடிவமோ 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை தொகுத்தது. ஆரிகன் ஆய்வில் கையாளப்பட்டது அதிலிருந்து எட்டு அசைவுகளை எடுத்துச் சிகிச்சை நோக்கில் மாற்றியமைத்த வடிவம். ஆக, பொதுமக்களுக்கென்று வெட்டிச் சுருக்கப்படுவது தாய்ச்சிக்குப் புதிதன்று. இங்கும் ஒருமுறை வெட்டித் தைக்கலாம், தூய்மை கெட்டுவிடாது.

எந்தத் துணியில் தைப்பது என்பதே உண்மையான சிக்கல். அத்துணி மொழி.

பெங்களூரில் தாய்ச்சி கற்பிப்போர் உள்ளனர். ஆனால் அவ்வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், கட்டணத்துக்கு, நகரின் வசதியான பகுதிகளில் நடப்பவை. ஆசிரியரின் கட்டளைகள் ‘வெயிட் ஷிஃப்ட்’, ‘சென்டர்’, ‘அலைன்மென்ட்’ என்று ஒலிக்கும். ஆங்கிலம் அறியாத ஒரு மூதாட்டிக்கு அதைத் தமிழில் சொல்ல முற்படுபவர் முதலில் சென்று விழும் பள்ளம் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல். ‘எடையை மாற்றுங்கள்’ என்றால் உடல் இளைக்கச் சொல்வதாகவே தமிழ்க் காதுக்குக் கேட்கும். ‘சமநிலையைப் பேணுங்கள்’ என்பது தேர்தல் அறிக்கையின் வாசகம் போன்றது. எந்தக் காலை எங்கே வைப்பதென்று அது கூறுவதில்லை. ‘பேலன்ஸ்’ என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது முதலில் நினைவூட்டுவது வங்கிக் கணக்கையும் கைப்பேசிக் கணக்கையுமே.

இத்தனைக்கும் தமிழில் உடல்நிலைக்கும் அசைவுக்கும் உரிய வினைகளுக்குப் பஞ்சமில்லை. நுனிக்காலில் உயர்ந்து உறியை எட்டுவதற்கு ‘எக்கு’. ஒருபக்கமாகச் சாய்ந்து வழிவிடுவதற்கு ‘ஒருக்களி’. குதிகாலில் அமர்வதற்குக் ‘குந்து’. எல்லாவற்றுக்கும் மேலாக ‘ஊன்று’. காலை வைப்பது வேறு, ஊன்றுவது வேறு. வைத்த காலின் மேல் உடலின் பாரம் முழுதும் இறங்கிய பின்னரே அது ஊன்றிய கால் ஆகிறது. தாய்ச்சியின் முதன்மையான பாடம் எந்தக் கால் நிறைந்திருக்கிறது, எந்தக் கால் வெறுமையாக இருக்கிறது என்று அறிவது. அப்பாடம் தமிழில் ஏறத்தாழ ஒரே வினைக்குள் அடங்கிவிடுகிறது: ‘இடக்காலை ஊன்றுங்கள், வலக்கால் சும்மா தொட்டுக்கொண்டு இருக்கட்டும்.’ இதற்குக் கலைச்சொல் அகராதி தேவையில்லை.

இச்சொல்லின் சிறப்பு இங்கேயே முடிந்துவிடவில்லை. தமிழின் ஊன்று, கன்னடத்தின் ஊரு, தெலுங்கின் ஊனு ஆகிய மூன்றும் ஒரே வேரின் கிளைகள். தமிழர் ஊன்றுகோல் என்பதைக் கன்னடர் ஊருகோலு என்கின்றனர். தெலுங்கர் ஊதகர்ர என்கின்றனர். முதியோரின் துணையாகிய கோலின் பெயரிலேயே மூன்று மொழிகளிலும் அந்த வினை ஒளிந்துகொண்டிருக்கிறது. உருது பேசுவோர் காலை உறுதியாகப் பதிப்பதைப் ‘பைர் ஜமானா’ என்பர். வேர் வேறு, பொருள் அதுவே. விழுதலைச் சுற்றிய சொற்களும் அவ்வாறே: தமிழின் விழு கன்னடத்தில் பீளு, தமிழின் இடறு அங்கே எடவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது ஆகிய ஒவ்வொன்றையும் பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பேசுகின்றனர். இந்நகரில் ஒரு பூங்காவில் இருபது முதியோரை நிற்கவைத்தால் நான்கு மொழிகள் நிற்கும்.

மொழியை முன்னிட்டு இந்நகரம் பட்ட காயங்கள் ஆய்வாளர்களுக்கு நினைவூட்ட வேண்டியவை அல்ல. அல்சூர் ஏரி அருகே வள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடப்பட்டே நின்று, சென்னையில் சர்வஞ்ஞர் சிலையும் திறக்கப்படும் என்ற உடன்பாட்டோடு 2009 ஆகஸ்டு 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அத்தகைய இடத்தில் ‘எந்த மொழியில் கற்பிப்பது’ என்ற வினா சண்டைக்கு அழைப்பாகத் தோன்றலாம். ஆயினும் ஊன்று – ஊரு – ஊனு போன்ற சொற்களை வைத்துக்கொண்டு பயிற்றுமொழியைத் தொடங்கினால், கன்னடத்தை முதன்மையாகக் கொண்டே, அடுத்து நிற்பவர் தம் மொழியில் கேட்டதாக உணரும்படி ஒரு வகுப்பை நடத்த இயலும். திராவிட ஒப்பியல் நூலகத்தைவிட்டு வெளியே வந்து பயன்படும் இடங்கள் மிகக் குறைவு. இது அவற்றுள் ஒன்றாகலாம்.

கட்டளையின் சொல் ஏன் இவ்வளவு முக்கியம்? புரிதல் மட்டும் காரணமன்று. கேப்ரியல் வுல்ஃப் என்னும் ஆய்வாளர் 1998இல் தம் சகாக்களோடு வெளியிட்ட ஆய்விலிருந்து ஒரு வாதம் வளர்ந்துவருகிறது. ஆடும் பலகையின் மேல் நிற்பவரிடம் ‘உங்கள் பாதங்களைக் கவனியுங்கள்’ என்று சொல்வதைவிடப் ‘பலகையில் உள்ள குறிகளைக் கவனியுங்கள்’ என்று சொல்லும்போது அவர் சமநிலையை நன்கு கற்றுக்கொள்கிறார் என்பது அது. கவனம் உடலுறுப்பின் மேல் இருக்கும்போது, தானாக நிகழவேண்டிய திருத்தங்களில் நினைவு குறுக்கிடுகிறது. 2010இல் முதியோரிடமும் இதே முடிவு கிடைத்தது. இப்பயனின் அளவு மிகைப்படுத்தப்பட்டிருக்கலாம், எதிர்மறை முடிவுகள் வெளியிடப்படாமல் போயிருக்கலாம் என்று அண்மைய மறுபகுப்பாய்வு ஐயம் எழுப்பியுள்ளது. அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் மற்றொரு திசையிலிருந்தும் அதே செய்தி வருகிறது. ஹாங்காங்கில் 2008இல் வெளியான ஆய்வில், விழுந்த அனுபவமுள்ள முதியோர் மற்றவரைக் காட்டிலும் தம் அசைவுகளைத் தாமே கண்காணித்தவாறு நடப்பவர்களாக இருந்தனர்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் தாய்ச்சி அசைவுகளின் பழம்பெயர்கள் வெறும் அலங்காரம் அல்ல. காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரித்தல், வெண்கொக்கு சிறகு விரித்தல், மேகக் கைகள், பொற்சேவல் ஒற்றைக்காலில் நிற்றல், கடலடியில் ஊசி தேடுதல் என்ற இப்பெயர்கள் எதுவும் ‘முழங்காலை மடக்கு, இடுப்பைத் திருப்பு’ என்று கூறுவதில்லை. அவை கவனத்தை உடலுக்கு வெளியே, ஒரு காட்சியின் மேல் வைக்கின்றன. கேட்பவர் அக்காட்சியைச் செய்ய முற்படும்போது உடல் தானே ஒழுங்காகிறது.

அப்படியானால் சீனத்துக் குதிரையையே தமிழில் பெயர்த்துத் தரலாமா? தரலாம்; ஆனால் குதிரையின் பிடரியைத் தொட்டுப் பார்த்திராத ஒருவருக்கு அக்காட்சி உடலில் இறங்குமா என்பது ஐயம். இங்குள்ள முதியோரின் நினைவில் வேறு காட்சிகள் உள்ளன. ஏற்றம் மிதிப்பவர் மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து தம் பாரத்தாலேயே நீரை மேலேற்றுவார். பாரத்தை இடம்மாற்றுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் எம்மொழியிலும் கிடைப்பது அரிது. கன்னடத்தில் அதுவே ஏத. முறத்தில் புடைத்தல், கிணற்றில் நீர் சேந்துதல், நாற்று நடுதல், வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைத்து ஓரடி பின்னகர்தல் என்று பட்டியல் நீளும். ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். முதியவர் என்றாலே வயல்வெளியிலிருந்து வந்தவர் என்று கற்பனை செய்வது நகரத்து ஆய்வாளரின் பழைய நோய். பெங்களூரின் முதியோரில் பின்னி ஆலையில் தறி ஓட்டியவர் உண்டு, எச்.ஏ.எல். தொழிற்கூடத்தில் லேத்தின் முன் முப்பது ஆண்டு நின்றவர் உண்டு, பள்ளியில் கரும்பலகைக்கு எக்கியவர் உண்டு. ஏற்றத்தைப் படத்தில் மட்டுமே பார்த்தவருக்கு ஏற்றமும் சீனத்துக் குதிரையும் ஒன்றே. அவரவர் கை பழகிய வேலையிலிருந்து அவரவர் அசைவுக்குப் பெயர் பிறக்க வேண்டும். அதை வகுப்பில் இருப்பவர்களிடமே கேட்கலாம்.

வீடுகளில் இதற்கு நேர்மாறான பயிற்சி நாள்தோறும் நடக்கிறது. ‘பார்த்துப் போங்க அம்மா’, ‘விழுந்துடப் போறீங்க அப்பா’, ‘நீங்க எதுக்கு எழுந்திருக்கீங்க, நான் எடுத்துத் தரேன்.’ அன்பின் மொழிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அது கவனத்தைக் காலடியின் மேலும் விழுவதன் மேலும் கொண்டுவந்து நிறுத்துகிறது. மூன்றாவது வாக்கியம் அதைவிடக் கொடியது. எழுந்து சென்று எடுப்பதே அன்றைய நாளின் ஒரே சமநிலைப் பயிற்சியாக இருந்திருக்கும், அதையும் பறித்துவிடுகிறது.

இதனோடு சேர்த்து எண்ணவேண்டிய பழைய ஆய்வொன்று உண்டு. சுவீடனின் உமேயோ நகர ஆய்வாளர்கள் 1997இல் லான்செட் இதழில் வெளியிட்டது அது. இல்லம் ஒன்றில் வாழ்ந்த முதியோருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தனர். பேச்சு தொடங்கியதும் பன்னிரண்டு பேர் நடையை நிறுத்திவிட்டுப் பதில் கூறினர். அடுத்த ஆறு மாதங்களில் அவர்களுள் பத்துப் பேர் விழுந்தனர். நடையும் பேச்சும் ஒரே கவனக் கருவூலத்திலிருந்து செலவாகின்றன என்பதற்கு இதைவிட எளிய நிரூபணம் இல்லை. அசைவின் பெயரைச் சொல்லிக்கொண்டே அசைவது, எண்ணிக்கொண்டே அடிவைப்பது, பக்கத்தில் நிற்பவரோடு பேசியவாறே பாரத்தை மாற்றுவது ஆகியவற்றை வகுப்பில் சேர்த்தால் இரண்டையும் ஒருங்கே செய்யும் திறன் பழகும். அறியாத மொழியில் நடக்கும் வகுப்பில் இது இயலாது; அங்கே முதியவரின் கவனம் முழுதும் ஆசிரியர் சொன்னது என்ன என்று ஊகிப்பதிலேயே செலவாகிவிடும்.

வகுப்புக்கு யார் வருவார் என்ற கேள்வி எஞ்சுகிறது. காலை ஆறு மணிப் பூங்கா ஓய்வூதியம் பெறும் ஆண்களுக்கு வாய்த்த நேரம். அந்நேரத்தில் அவர்களுடைய மனைவியர் பேரப்பிள்ளைகளுக்கு உணவு கட்டிக்கொண்டிருப்பர். எலும்பு தேய்ந்து முறியும் இடர் மிகுதியாக உள்ளவர்களும் அப்பெண்களே. வீட்டுவேலைக்குச் செல்லும் அறுபது வயதுப் பெண்ணுக்கோ பூங்காவே கிடையாது. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். முதிய பெண்களுக்கு அது வெளியுலகைத் திறந்துவிட்ட நல்ல திட்டம். ஆனால் உயரமான முதற்படியில் ஏறுவது என்பது ஒற்றைக்காலை ஊன்றி உடல் முழுவதையும் தூக்குவது. அந்நொடியில் வண்டி நகர்ந்தால் நேர்வது என்ன என்பதை எவரும் அறிவர். சீட்டு இலவசமான பின் படியேறும் காலுக்கும் ஒரு பயிற்சி வேண்டும், படியின் உயரமும் குறைய வேண்டும். இரண்டும் கேட்கத்தக்க கோரிக்கைகளே. வகுப்பு பகல் பதினொரு மணிக்கு, அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்தின் முற்றத்திலோ கோயில், மசூதி, தேவாலய வளாகத்திலோ நடந்தால் வருவோரின் முகங்கள் மாறும்.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர் பூங்காவில் கேட்கும் சிரிப்பொலியை எண்ணிப் பார்க்கலாம். சிரிப்பு மன்றங்களை மதன் கடாரியா என்னும் மருத்துவர் 1995இல் மும்பைப் பூங்கா ஒன்றில் ஐந்து பேரோடு தொடங்கினார். கட்டணமும் கருவியும் இல்லாததால் அது நாடெங்கும், பின்னர் உலகெங்கும் பரவியது. நிற்க ஓரிடம், பற்றிக்கொள்ள ஒரு நாற்காலியின் முதுகு, முதல் சில வாரங்களுக்கு ஓர் இயன்முறை மருத்துவர், தொடர்ந்து நடத்த அக்கம்பக்கத்துப் பெண் ஒருவர்: சமநிலை வகுப்புக்கும் இதற்கு மேல் தேவையில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையை வீட்டுவாசலுக்கே கொண்டுசென்றது. அங்கும் அவ்வசதி பெரும்பாலும் முடங்கிய பின்னரே வந்துசேர்கிறது. வாசல்வரை வரும் அதே பணியாளர், இன்னும் நடமாடிக்கொண்டிருக்கும் மூதாட்டியிடமும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் செல்லலாம்.

அந்தக் கேள்வியைச் சொல்வதிலும் மொழிச் சிக்கல் உண்டு. மொழியியல் மாணவர்கள் உடனே கையில் எடுக்கத்தக்கதும் அதுவே. ‘கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். சற்று நின்று பேசினால், ‘குளிக்கும் இடத்தில் வழுக்கியது, உட்கார்ந்துவிட்டேன்’, ‘கால் தடுக்கியது, சுவரைப் பிடித்துச் சரிந்தேன்’, ‘தலை சுற்றியது, அப்படியே கீழே அமர்ந்தேன்’ என்று வரும். தமிழில் வழுக்குதல், சறுக்குதல், தடுக்குதல், இடறுதல், சரிதல், சாய்தல் ஆகிய அனைத்தும் விழுதலிலிருந்து வேறானவை; அடிபட்டால்தான் அது விழுதல் என்று கருதுவோரும் உண்டு. இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2005இல் ஐரோப்பிய வல்லுநர் குழு ஒன்று விழுதலுக்குப் பொது வரையறை வகுத்தபோது, மக்களிடம் கேட்கும் வினாவில் வழுக்குதலையும் தடுக்குதலையும் பெயர் சொல்லியே சேர்த்துக் கேட்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ‘வழுக்கியோ, தடுக்கியோ, தலைசுற்றியோ, எப்படியாவது நிலைதவறித் தரையிலோ படியிலோ போய் உட்கார்ந்தது உண்டா?’ என்பது அதன் தமிழ் வடிவமாகலாம். இது சென்னையில் கேட்கப்படும்போதும் சிவாஜிநகரில் கேட்கப்படும்போதும் ஒரே விடையைத் தருமா, கன்னடத்தில் ‘ஜாரு’ என்ற வினையைச் சேர்த்தால் எண்ணிக்கை எவ்வளவு கூடும், உருதுவில் எச்சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பவை ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குப் போதுமான வினாக்கள். தேவைப்படுபவை நான்கு மொழி அறிந்த இருவர், ஒரு குறிப்பேடு, பூங்காவிலும் பேருந்து நிறுத்தத்திலும் சில வாரங்கள்.